முடக்கில் ஹோன் அடிப்பது யாருக்கு

என் அப்பா ரேடியோ திருத்துகிறவர். கண்டி டவுனில் ஒரு சந்துக்குள் அவருடைய கடை இருந்தது. பழுதோடு வருகிற ஒவ்வொருவரிடமும் ஒரே வசனத்தைத்தான் சொல்வார்: "பழுது பெட்டிக்குள்ள இருக்கும், இல்லாட்டி வயருக்குள்ள இருக்கும், ரெண்டுலயும் இல்லாட்டி வாய்க்குள்ள இருக்கும்." கடைசியாகச் சொல்வது கொண்டுவந்தவரைச் சீண்டுவதற்கு. பாட்டு வரவில்லை என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். திறந்து பார்த்தால் ஒன்றும் இருக்காது, யாரோ முள்ளைத் திருப்பி வைத்திருப்பார்கள். பழுது அவர்கள் சொன்ன சொல்லில்தான்.

எண்பத்துமூன்றாம் ஆண்டுக் கலவரத்தில் அந்தக் கடை எரிந்தது. மிஞ்சியது அப்பாவின் சட்டைப் பையில் இருந்த ஸ்குரு டிரைவரும் இந்த வசனமும். இரண்டும் எனக்கு வந்துசேர்ந்தன. பள்ளிக்கூடத்தில் நான் படித்தது கொஞ்சம்தான். கணினி என்று எனக்குத் தெரிந்ததெல்லாம் மற்றவர்கள் கழித்துப்போட்ட பெட்டிகளைத் திறந்து, கெடுத்து, மறுபடி பூட்டிக் கற்றது.

யுத்தத்தின் கடைசி வருடங்களில் நான் ஒரு தனியார் இரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தேன். கண்டியிலிருந்து பேராதனைக்குப் போகிற பாதையில், மூன்று மாடிக் கட்டடம். தலைமையகம் கொழும்பில். கணினி, பிரிண்டர், ஜெனரேட்டர், சில நாள் மேல்மாடித் தண்ணீர்த் தாங்கி, எல்லாம் என் பொறுப்பு. என்னோடு வேலை பார்த்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். அங்கே கணக்கு மாஸ்டராக இருந்தவர். யுத்தத்தில் வடக்குப் பாதை மூடுவதற்குச் சற்று முன்னால் அவர் இந்தப் பக்கம் வந்து சேர்ந்தார், மனைவியும் மகளும் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். பள்ளிக்கூட வேலை போனாலும் மாஸ்டர் என்ற பெயர் போகவில்லை. சேர்வர் அவருடைய பொறுப்பு. இரத்தம் கொடுத்த ஆட்களின் முடிவுகள் எல்லாம் அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கும்.

அவர் என்னை அண்ணை என்பார். எனக்கும் அவருக்கும் ஒரே வயது. ஒருநாள் கேட்டேன், நான் என்ன அவ்வளவு கிழடாகவா தெரிகிறேன் என்று. "இல்லை அண்ணை, எங்கட ஊரில பஸ் கண்டக்டரும் அண்ணைதான், மீன் விக்கிற ஆளும் அண்ணைதான். வயசுக்கில்லை, வாய்க்கு வசதி" என்றார். அந்தப் பதில் எனக்குப் பிடித்துப்போய், அன்றிலிருந்து நான் அவரை விட்டுப் பிரியவில்லை. மனிதர்கள் வாயில் இருந்து விழுகிற இந்த மாதிரிச் சொற்களைப் பொறுக்குவதுதான் எனக்குத் தெரிந்த ஒரே சேமிப்பு.

மாஸ்டர் ஹந்தானைப் பக்கம் ஏறுகிற பாதையில் ஒரு சிங்கள வீட்டில் அறை எடுத்திருந்தார். அந்தக் காலத்தில் வடக்கிலிருந்து வந்து தங்கியிருப்பவர்கள் பொலிசில் பதிந்துகொள்ள வேண்டும். குண்டு எங்காவது வெடித்தால் மறுபடி பதிய வேண்டும். அந்த முறை விதி இன்னும் இறுகியிருந்தது: வேலை கொடுத்தவர் நேரில் வந்து, இவர் என்னுடைய ஆள் என்று சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை வரச்சொல்லியிருந்தார்கள். எங்கள் மெனேஜர் ஒரு சிங்களப் பெண்மணி, வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், நாங்கள் எல்லாரும் மிஸ் என்போம். கேட்டவுடனே வருகிறேன் என்று சொல்லியிருந்தார். அவர் வராவிட்டால் பதிவு இல்லை, பதிவு இல்லாவிட்டால் வீட்டுக்காரர் அறையில் வைத்திருக்கமாட்டார். அறை இல்லாத யாழ்ப்பாணத்தார் அந்த நாட்களில் எங்கே படுத்து எழும்புவார் என்று பொலிஸ் கூண்டைத்தான் கேட்க வேண்டும்.

இதற்கு நடுவில்தான் சேர்வர் படுத்தது.

அதற்கு முந்தின வாரக் கடைசியில் மாஸ்டர் சேர்வரைப் புதிதாக ஒழுங்குபண்ணியிருந்தார். முன்பு மூன்று பெட்டிகளில் ஓடிய வேலையை ஒரே பெரிய பெட்டிக்குள் கொண்டுவந்துவிட்டார். உள்ளே மூன்று கணினிகள் இருப்பதுபோல அது நடிக்கும். எனக்கு அவர் விளக்கியபோது நான் என் பாஷையில் சொல்லிப்பார்த்தேன்: தேயிலைத் தோட்டத்து வரிசை வீடு, அதாவது ஒரு லயம், உள்ளே அறை அறையாகப் பல காம்பறா, ஆனால் வெளியே தண்ணீர்ப் பீலி ஒன்றுதான். எல்லாக் காம்பறாவும் அந்த ஒரு பீலிக்குப் போய்வர நடுவில் ஒரு பாதை வேண்டுமே? அந்தப் பாதைக்குப் பெயர் பாலம். உள்ளே இருக்கிற கணினிகளையும் வெளியே போகிற ஒரே கேபிளையும் சேர்க்கிற பாலம். கண்ணால் பார்க்க முடியாது. சேர்வருக்குள் எழுத்தாக மட்டும் இருக்கும்.

புதன்கிழமை காலையில் கொழும்பிலிருந்து ஒப்பந்தக்காரர்கள் வந்து, எங்கள் கேபிள்கள் எல்லாம் போய்ச்சேருகிற பழைய சுவிட்சைக் கழற்றிவிட்டுப் புதியதைப் பூட்டிவிட்டுப் போனார்கள். அவர்கள் வேன் கேட்டைத் தாண்டவில்லை, கீழே கவுண்டரில் சத்தம் கேட்டது. முடிவுகள் வரவில்லை. அலவத்துகொடையிலிருந்து வந்த ஒரு முஸ்லிம் குடும்பம், உம்மாவுக்குச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, சாப்பிடாமல் வந்து இரத்தம் கொடுத்துவிட்டு ரிப்போர்ட்டுக்காகக் காத்திருந்தது. நான் மேலே ஓடிப்போய்ப் பார்த்தேன். புதிய சுவிட்சில் சேர்வரைப் பொருத்தியிருந்த துளையின் பச்சை வெளிச்சம் மஞ்சளாகியிருந்தது.

அப்பாவின் மகன் அல்லவா, முதலில் வயரைப் பார்த்தேன். கேபிளை மாற்றினேன். வரவில்லை. பக்கத்துத் துளையில் செருகினேன். பச்சை வந்தது. கீழே இருந்தவர்களைப் பார்த்துக் கையசைக்கத் திரும்புவதற்குள் மஞ்சள். அடுத்த துளை. பச்சை, பிறகு மஞ்சள். செருகிய துளையெல்லாம் செத்தது. சேர்வருக்கு இடம் வேண்டும் என்று கவுண்டர் கணினியின் கேபிளைப் பிடுங்கி அந்தத் துளையிலும் செருகினேன், அதுவும் போனது. பிறகு கவுண்டர் கணினியைப் பொருத்தத் துளை இல்லை. மாஸ்டர் படியேறி வந்து வரிசையாக நின்ற மஞ்சள் வெளிச்சங்களைப் பார்த்தார்.

"அண்ணை, கோயில் திருவிழாவுக்கு லைட் போட்டிருக்கிறியளோ?"

சிரிப்பு வரவில்லை எனக்கு. உம்மாவுக்கு ரிப்போர்ட்டைப் பரிசோதனை மெஷினிலேயே பார்த்துக் கையால் எழுதிக்கொடுத்து அனுப்பினோம். மற்றவர்களுக்கும் அப்படியே என்று முடிவாகி, அந்த நாள் பேனாவிலேயே ஓடியது.

மாலையில் மிஸ் ஒப்பந்தக்காரர்களுக்கு அழைப்பெடுத்தார். எல்லாருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரைப் போட்டார். அறையில் மிஸ், மாஸ்டர், நான், பாதுகாப்புக்குப் பொறுப்பான சார்ஜன். இந்தச் சார்ஜன் இராணுவத்தில் லொறி ஓட்டி ஓய்வுபெற்றவர். பல வருடம் வடக்கில் இருந்தவர். கேட்டில் மாஸ்டரின் பையை மட்டும் தினமும் அடிவரை பார்ப்பார். கடுமையாகப் பார்க்கமாட்டார், ஒருவேளை மறந்துவிட்டால் தனக்குத்தான் ஏதோ நடந்துவிடும் என்பதுபோல் பார்ப்பார். மாஸ்டரை அவர் 'யாப்பனே மாத்தயா', அதாவது யாழ்ப்பாணத்து ஐயா என்றுதான் குறிப்பிடுவார். நேராக ஒன்றும் அழைப்பதில்லை.

கொழும்புப் பொறியியலாளர் பாதி இங்கிலிஷ், பாதி சிங்களத்தில் பேசினார். நல்ல பிள்ளை, அவசரமான பிள்ளை. அவர் சொன்னது இவ்வளவுதான்: கண்டி சேர்வரிலிருந்து கொன்ட்ரோல் மெசேஜ் வெளியே வருகிறது. அதற்கு அனுமதி இல்லை. இரண்டு செக்கனுக்கு ஒருமுறை ஹலோ சொல்கிறது. ஒரு ஆளுக்கில்லை, ஒரு குரூப் எட்ரஸுக்கு. உங்களுக்குள்ளே இருந்து யாரோ ஒரு பாலம் போட்டிருக்கிறார்கள். கார்ட் அதைப் பிடித்து வாசலை மூடிவிட்டது.

கார்ட் என்றதும் சார்ஜன் எழும்பி நின்றார். "மம நெவெய், மிஸ்" என்றார். நான் இல்லை மிஸ், நான் ஒன்றையும் மூடவில்லை.

கார்ட் என்பது சுவிட்சுக்குள் இருக்கிற ஒரு காவல் ஏற்பாடு என்று நான் சொன்னேன். அவர் உட்கார்ந்தார். ஆனால் மற்றச் சொற்கள் உட்காரவில்லை. அனுமதியில்லாத செய்தி. குரூப். பாலம். இரண்டு செக்கனுக்கு ஒருமுறை ஹலோ. அழைப்பு முடிந்த பிறகு அந்தச் சொற்கள் மேசையைச் சுற்றி நின்றதை நான் பார்த்தேன். மிஸ் மாஸ்டரின் முகத்தைப் பார்க்காமல், மேசையில் இருந்த பேப்பர் வெயிட்டைப் பார்த்துக்கொண்டு, யாருக்கு ஹலோ என்று கேட்டார்.

மாஸ்டருக்குச் சிங்களம் குறைவு. பார்க்கிறோம் மிஸ், நாளைக்குச் சொல்கிறோம் என்று நான்தான் சொன்னேன். வெள்ளிக்கிழமை பற்றியும் நானே நினைவூட்டினேன். அதை அந்த நேரத்தில் சொல்லியிருக்கக்கூடாதோ என்னவோ. "அதைப் பிறகு பார்ப்போம்" என்றார் மிஸ். அவர் கெட்டவர் இல்லை. பயந்த மனுசி. அந்த வருடங்களில் பயப்படாத ஆளை நான் கண்டதில்லை, சிங்களவர், தமிழர், சோனகர் எவரிலும்.

வியாழன் காலையில் நேரத்தோடு வந்து வேலையைத் தொடங்கினோம். சுவிட்சை விட்டுவிட்டு, சேர்வரிலிருந்து வருகிற கேபிளை என் திருத்த மேசையில் இருந்த பழைய கணினியில் நேராகப் பொருத்தினோம். கேபிளில் போகிறதை எல்லாம் திரையில் எழுத்தாகக் காட்டுகிற ஒரு புரோகிராம் அதில் இருந்தது. ஓடவிட்டோம். ஒரு வரி விழுந்தது. சற்று இடைவெளி. இன்னொரு வரி. கூரை ஒழுகி வாளியில் சொட்டுவதுபோல, அவசரமும் இல்லை, நிற்பதும் இல்லை. அதுதான் ஹலோ.

யார் சொல்கிறார்கள்? சேர்வருக்குள் இருக்கிற கணினிகளில் ஒன்றாக இருக்கலாம். மாஸ்டர் முதல் காம்பறாவை மூடினார். சொட்டியது. இரண்டாவதை மூடினார். சொட்டியது. மூன்றாவதையும் மூடினார். லயத்தில் ஒரு ஆள் இல்லை, ஆனால் வாசலில் ஹலோ நிற்கவில்லை. அப்படியென்றால் பேசுவது குடியிருப்பவர்கள் இல்லை, பாலமே பேசுகிறது.

மாஸ்டர் பாலத்தை விவரிக்கிற எழுத்துக்களைத் திறந்தார். வரி வரியாக இறங்கினார். ஒரு இடத்தில் நின்றார். எனக்கு இங்கிலிஷ் அவ்வளவு இல்லை என்றாலும் கடைசிச் சொல் 'ஒன்' என்று இருந்தது தெரிந்தது. ஃபேனுக்குப் போடுவோமே, அந்த ஒன்.

"இது நான் போட்டது அண்ணை" என்றார்.

இன்டர்நெட்டில் பார்த்து எழுத ஒரு மாதிரி கிடைத்திருக்கிறது, அதில் அந்த வரி ஒன் என்று இருந்தது, இவரும் அப்படியே விட்டிருக்கிறார். தெரியாமல் விடவில்லை, நல்லது என்று தெரிந்தே விட்டிருக்கிறார். பாலங்கள் இரண்டு மூன்று சேர்ந்து வட்டமாகிவிட்டால் ஒரே செய்தி சுற்றிச் சுற்றி ஓடி எல்லாவற்றையும் மூச்சுமுட்டச் செய்துவிடுமாம். அது நடக்காமல் இருக்கத்தான் பாலங்கள் ஒன்றுக்கொன்று ஹலோ சொல்லிக்கொள்கின்றன. பழைய சுவிட்ச் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. புதிய சுவிட்சில் கொழும்புக்காரர்கள் வேறொரு நல்ல வழக்கத்தை வைத்திருந்தார்கள்: சாதாரணக் கணினி செருகுகிற துளையில் ஒரு பாலத்தின் குரல் கேட்டால், ஏதோ பிழை என்று உடனே மூடிவிடு. இவர் செய்ததும் சரி, அவர்கள் செய்ததும் சரி. இரண்டு சரியும் ஒரே வாசலில் முட்டிக்கொண்டன.

"அப்புறம் என்னங்க மாஸ்டர், ஓஃப் பண்ணிட்டுப் போவோம்" என்றேன். எங்கள் பாலத்துக்கு வெளியே போக ஒரே ஒரு கேபிள்தான். வட்டமாக வழியே இல்லை. அந்த ஹலோ அங்கே தேவையில்லை. ஒரு சொல்லை மாற்றினால் எல்லாம் முடிந்தது.

மாஸ்டர் விசைப்பலகையில் இருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"நான் இப்ப சத்தமில்லாம நிப்பாட்டினா, பிடிபட்டோடன நிப்பாட்டினவன் எண்டெல்லோ சொல்லுவினம். நிப்பாட்டாட்டி, இன்னும் அனுப்புறான் எண்டுவினம். காட்டிப்போட்டுத்தான் நிப்பாட்டவேணும் அண்ணை. அவையள் பாக்க."

பழுது பெட்டியிலும் இல்லை, வயரிலும் இல்லை. அப்பா எரிந்த கடையிலிருந்து எழும்பிவந்து என் காதைப் பிடித்துத் திருகியதுபோல் இருந்தது. பழுது வாய்க்குள். ஹலோ என்ற சொல்லில், குரூப் என்ற சொல்லில். அதைத் திருத்த ஸ்குரு டிரைவர் போதாது.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மிஸ்ஸும் சார்ஜனும் திருத்தும் அறைக்கு வந்தார்கள். நான் கதிரைகளைத் துடைத்துப் போட்டேன். மாஸ்டர் சேர்வரைத் தொடவில்லை. சேமிப்பு அறையில் கிடந்த வேறொரு பெட்டியை எடுத்து, அதற்குள் ஒன்றுமில்லை என்று காட்டி, அவர்கள் முன்னாலேயே புதிதாக ஒரு பாலத்தைப் போட்டார். கடைசி விசையை மிஸ்ஸையே தட்டச் சொன்னார். மிஸ் மோதிர விரலால் தட்டினார். சற்று நேரத்தில் பக்கத்துத் திரையில் வரி விழத் தொடங்கியது. யாரும் எதையும் எழுதவில்லை, பெட்டியே சொல்கிறது. சொட்டு, சொட்டு.

சரி, என்றார் மிஸ். யாரும் எழுதாவிட்டாலும் அது யாரோடு பேசுகிறது?

அங்கேதான் மாஸ்டர் சறுக்கினார். கணக்கு மாஸ்டர், அடியிலிருந்து விளக்காவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. நான் மொழிபெயர்க்க, அவர் தமிழில் தொடங்கினார். இது ஒரு மரம், மரத்துக்கு ஒரு வேர் வேண்டும், எது வேர் என்று பாலங்கள் தங்களுக்குள்ளே தெரிவுசெய்ய வேண்டும் என்றார். நான் சிங்களத்தில் மரம் என்றேன், வேர் என்றேன். மிஸ் எங்கள் இருவரையும் காய்ச்சல்காரர்களைப் பார்ப்பதுபோல் பார்த்தார். மாஸ்டர் இன்னும் தெளிவாக்கப் பார்த்தார்.

"தொடங்கேக்க ஒவ்வொரு பாலமும் தான்தான் தலைவர் எண்டு எல்லாருக்கும் அறிவிக்கும்."

நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் சார்ஜன் நிமிர்ந்தார். வடக்கில் இருந்த வருடங்களில் அவர் பொறுக்கிக்கொண்ட தமிழ்ச் சொற்கள் ஒரு கைப்பிடி இருக்கும். நில், கையைத் தூக்கு, அடையாள அட்டை. அந்தக் கைப்பிடிக்குள் இந்தச் சொல்லும் இருந்தது.

"தலைவர்?" என்றார்.

 திரையில் மட்டும் சொட்டு. மாஸ்டருக்குத் தான் என்ன சொன்னோம் என்று அப்போதுதான் புரிந்தது.  ஒரு ஊரிலே சில சொற்களுக்கு வேறு அர்த்தமே இல்லாமல் போய்விடுகிற காலம் உண்டு. வகுப்புத் தலைவர், சங்கத் தலைவர், குடும்பத் தலைவர் என்று எத்தனை தலைவர்! அந்த வருடங்களில் தலைவர் என்றால் இயக்கத்தின் தலைவர் ஒருவர்தான், மற்ற ஒன்றையும் சத்தமாகச் சொல்ல முடியாது.

லீடர் சார்ஜன், லீடர், பெட்டிகளுக்குள்ளே ஒரு வகுப்பு மொனிட்டர் மாதிரி, என்று நான் சிங்களத்தில் கொட்டினேன். நான் பேசப் பேச அது இன்னும் மோசமானது. சிங்களவர்கள் வீண் வேலைக்கு ஒரு சொல் வைத்திருக்கிறார்கள், 'கங்கட்ட இனி கப்பனவா வகே', ஆற்றுக்கு வேலித்தடி வெட்டுவதுபோல என்று. நான் மகாவலி ஆற்றுக்கு வேலி போட்டுக்கொண்டிருந்தேன்.

மாஸ்டர் என் கையைத் தொட்டு நிறுத்தினார். பிறகு தமிழை விட்டுவிட்டு, தனக்குத் தெரிந்த ஒடிந்த சிங்களத்தில், நேராகச் சார்ஜனைப் பார்த்துச் சொன்னார். அவர் சார்ஜனோடு நேராகப் பேசியது அன்றுதான் முதல்முறை என்று நினைக்கிறேன். இலக்கணம் ஒன்றும் இல்லாத சிங்களம். அங்கே யாரும் இல்லை. இதற்குத் தெரியாது. இருக்கா, இருக்கா என்று கேட்கும். இருந்தால் ஒருவர் நிற்பார், ஒருவர் போவார். இல்லாவிட்டால் ஒன்றும் இல்லை. திரும்பவும் கேட்கும்.

சார்ஜன் திரையைப் பார்த்தார். வரி விழுகிறபோதெல்லாம் அவருடைய வலது கைப் பெருவிரல் முழங்காலில் மெல்ல அழுந்தியது. பிறகு மாஸ்டரிடம் கேட்டார், இது இடித்துக்கொள்ளாமல் இருக்கவா?

ஓம் என்பதுபோல் மாஸ்டர் தலையசைத்தார்.

சார்ஜன் மிஸ்ஸின் பக்கம் திரும்பினார். கடுகண்ணாவையில் ஏறும்போது லொறிக்காரன் ஒவ்வொரு வங்குவையிலும் ஹோன் அடிக்கிறானே, யாருக்கு அடிக்கிறான் என்று கேட்டார். வங்குவ என்றால் நாங்கள் முடக்கு என்போமே, மலைப்பாதையின் வளைவு, அதுதான். மிஸ் யோசித்து, எதிரில் வருகிறவனுக்கு என்றார். எதிரில் ஒருவரும் வராவிட்டால்? அப்போதும் அடிப்பான்தானே என்றார் மிஸ். அந்த ஒருவரும் இல்லாத ஆளின் பெயர் என்ன மிஸ் என்று கேட்டார் சார்ஜன். மிஸ்ஸின் முகத்தில் முந்தின நாளிலிருந்து இல்லாத ஒரு இளக்கம் வந்தது.

அதோடு விடவில்லை அவர். தான் மாவனல்லைக்காரன், முடக்கு முடக்காக ஹோன் அடித்துப் பழகிய கை, வடக்குக்குப் போன பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை, மட்டமான நேர்ப்பாதையில் லேசாக வளைந்தாலும் அடித்துவிடுவேன், கூட இருந்த பெடியன்கள் சிரிப்பார்கள் என்று சொன்னார்.

நான் அதை மாஸ்டருக்குத் தமிழில் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "எங்கட ஒழுங்கையளிலயும் முடக்கு இருக்கு. ரெண்டு பக்கமும் பனையோலை வேலி, வாறது தெரியாது. சைக்கிள் பெல் அடிச்சுக்கொண்டுதான் திரும்புவம். நானும் என்ர மகளுக்கு அதைத்தான் முதல் சொல்லிக்குடுத்தனான்" என்றார்.

அதைச் சிங்களத்தில் சொல்ல நான் தொடங்கியபோது சார்ஜன் கையைக் காட்டி நிறுத்தினார். பெல் என்ற சொல்லும் மாஸ்டர் கையால் காட்டிய வேலியும் அவருக்குப் போதுமாக இருந்தன. "தன்னவா" என்றார். தெரியும். அந்த வேலிகள் தெரியும்.

அவர் அந்த ஒழுங்கைகளில் எதற்காகத் திரிந்தார், வேலிக்கு இந்தப் பக்கம் நின்று அந்தப் பக்கத்தை என்னவென்று நினைத்தார் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. மாஸ்டரும் கேட்கவில்லை. இருவரும் திரையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். அது சொட்டிக்கொண்டிருந்தது.

பிறகு சார்ஜன்தான் சொன்னார். இந்தப் பாதையில் எதிரே வர இன்னொரு வாகனமே இல்லை என்றால் ஹோன் வேண்டாம்தானே, "மல்லி"?

மல்லி என்றால் தம்பி. மாஸ்டர் திரைக்குப் போகிற கேபிளை அந்தப் பெட்டியிலிருந்து கழற்றிச் சேர்வரில் செருகினார், அதே சொட்டு விழுந்தது, பிறகு சேர்வரில் அந்த ஒரு சொல்லை மாற்றினார். திரையில் கடைசியாக ஒரு வரி இருந்தது. அடுத்தது வரவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் நாங்கள் நால்வரும் அது வராமல் இருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கேபிளை மறுபடி சுவிட்சில் செருகிவிட்டுக் கொழும்புக்கு அழைத்துச் சொன்னதும் அந்த அவசரப் பிள்ளை மூடிய துளைகளை எல்லாம் அங்கிருந்தபடியே திறந்துவிட்டார். மஞ்சள் ஒவ்வொன்றாகப் பச்சையானது. ஏன் இத்தனை துளை மூடியிருக்கிறது என்று கேட்டார். கோயில் திருவிழா என்று சொல்ல வந்து, சொல்லாமல் விட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை மிஸ் சேலையில் வந்தார்; மற்ற நாட்களில் அவர் கவுன்தான். சார்ஜனும் வந்தார், அவரை யாரும் கூப்பிடவில்லை. நிறுவனத்து வேனில் பொலிசுக்குப் போனோம். நான் வெளியே மரத்தடியில் நின்றேன். உள்ளே மிஸ் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. நேரம் எடுத்தது. நடுவில் சார்ஜனின் குரல் ஒருமுறை உயர்ந்து கேட்டது, ஏதோ படைப்பிரிவின் பெயரும் இலக்கமும். பிறகு மூன்று பேரும் வெளியே வந்தார்கள். மாஸ்டர் தன் அடையாள அட்டையைச் சட்டைப் பைக்குள் வைக்க மூன்று முறை முயன்றார், பை இருக்கிற இடம் அவருக்கு அகப்படவில்லை. அடுத்த தடவைக்கும் தானே வருவதாக மிஸ் சொன்னார், தலைவலிக்கு ஒரு பனடோல் கேட்டார், வேனில் ஏறிக்கொண்டார்.

மாஸ்டருக்கு வீட்டுக்குச் சொல்ல வேண்டும். டவுனில் காசு கொடுத்து டெலிபோன் பேசுகிற ஒரு கொமினிகேஷன் கடையில் வேனை நிறுத்தச் சொன்னார். யாழ்ப்பாணத்துக்கு லைன் கிடைப்பது அந்த நாட்களில் லொத்தர்ச் சீட்டு விழுவதுபோல. அவர் கண்ணாடிப் பெட்டிக்குள் போய், இலக்கத்தைச் சுழற்றி, ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு தொடங்கினார்.

"ஹலோ."

கொஞ்சம் நின்று, "ஹலோ."

மறுபடியும், "ஹலோ... ஹலோ."

கடைப்பெண் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள். அவளுக்கு இது தினமும் கேட்கிற பாட்டு. சார்ஜன் வாசற்படியில் சாய்ந்து நின்று, குடையின் பிடியைப் பெருவிரலால் அமுக்கிக்கொண்டிருந்தார். எதிரே யாராவது வருகிறார்களா என்று என்னிடம் கேட்டார். இன்னும் இல்லை என்றேன்.

"ஹலோ... ஹலோ..."

பிறகு மாஸ்டரின் தோள் இறங்கியது. சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஓம், நான்தான்" என்றது கேட்டது. "ஓம். இருக்கலாமாம்."